மூன்றாம் மாடி மணி

அத்தியாயம் பதினேழு

வியாழக்கிழமை மத்தியானம் விழுந்த டீச்சர் திங்கட்கிழமை காலை ஆகியும் கண் திறக்கவில்லை.

முதியோர் குடியிருப்பில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. லிஃப்டில் ஏறியவர்கள் மூன்றாம் எண்ணை அழுத்தும்போது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். 306ஆம் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே டீச்சர் விழுந்து கிடந்தார். அழைப்பு மணியின் கயிறு கையில் இருந்தது. இழுத்திருக்கிறார். ஐம்பது நிமிடம் யாரும் வரவில்லை. மணி அடிக்கவே இல்லை என்றாள் மூன்றாம் மாடி நர்ஸ். மணியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தது மணி கம்பெனி. ஒயரில் கோளாறு இல்லை என்று வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், அங்கே புது ஒயர் போடும் அக்கா தம்பி இருவரில் மூத்தவள்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சம் நர்ஸ்தான். நர்ஸ் உட்காரும் மணி மேசையில் சத்தத்தை அடக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டு எங்கோ உட்கார்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். இன்று நான்கு மணிக்கு விசாரணை. பெயருக்குத்தான் விசாரணை. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் சனிக்கிழமையே தட்டச்சாகிவிட்டது.

தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மூத்தவள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திங்கள் காலை மொட்டை மாடிக்கு ஏறும்போதும் அதையே சொல்லிக்கொண்டுதான் ஏறினாள்.

மொட்டை மாடி அறை எந்நேரமும் சூடு. வெளியே மூன்று டிஷ், ஒரு ஆன்டெனா. அவை வானத்திலிருந்து பிடித்துத் தருவதை உள்ளே இருக்கும் பெட்டி வாங்கும். சேனல் சேனலாகப் பிரிக்கும். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் ஒயரில் ஓடக்கூடிய வீடியோவாக மாற்றும். அங்கிருந்து ஐந்து மாடிக்கும், எண்பத்தாறு அறைக்கும். முன்பு டி.வி.க்குத் தடித்த கேபிள் தனியாக ஓடியது. இப்போது கம்ப்யூட்டர், மணி, டி.வி. எல்லாம் ஒரே வலை.

ஐந்து வாரமாக அக்காவும் தம்பியும் ஏணியை விட்டு இறங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பழைய கேபிளைத் துண்டித்தார்கள். வியாழக்கிழமை டீச்சர் விழுந்தார்.

தம்பி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"அக்கா, இந்த மேட்டைப் பாரு."

திரையில் ஒரு கோடு, ஒயரில் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுவது. நாள் முழுக்கத் தரையோடு ஊர்ந்து, ஓரிடத்தில் செங்குத்தாக ஏறி, தட்டையாக நின்று, செங்குத்தாக இறங்கியது.

"என்னடா இது?"

"மூணாவது மாடி கிழக்குப் பக்கம். வியாழக்கிழமை மூணு அஞ்சுக்கு ஏறுது. மூணு ஐம்பத்தஞ்சுக்கு இறங்குது. பன்னெண்டு மெகாபிட்."

"யாரோ டி.வி. பார்த்திருக்காங்க. எச்.டி. சேனல்னா பன்னெண்டு வரத்தான் செய்யும்."

"டி.வி. ஒயர்ல வந்திருந்தா உன்னை எதுக்குக் கூப்பிடப் போறேன்? இது மணி ஒயர்ல வந்திருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கோட்டின் கீழே அவளே ஐந்து வாரம் முன்பு தட்டிய பெயர் இருந்தது. 'மணி – கிழக்கு'.

"மணிக்கு எதுக்குடா டி.வி. படம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அந்த மணிப் பெட்டி நம்ம அம்மா வயசு. பத்துக்கு மேல அதுக்குத் தொண்டையில இறங்காது. பன்னெண்டை ஊத்தினா மூச்சு முட்டிப் போயிடும். யாரு கயிறை இழுத்தாலும் அதுக்குத் தெரியாது. படத்தை நிறுத்தினா தானா எழுந்து உக்காந்துக்கும். அப்புறம் எத்தனை தடவை சோதிச்சாலும் நல்லாத்தான் அடிக்கும்."

மூத்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"நீ அங்க ஏதாவது சேர்த்தியா?"

"என் மேல பழி போட வந்துட்டியா? எங்கடா இன்னும் காணோமேன்னு பார்த்தேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் எதுவும் சேர்க்கல."

"பள்ளிக்கூட வேலையிலயும் இப்படித்தான் சொன்ன. கடைசியில ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில குத்தி மொத்த வலையையும் படுக்க வச்சிருந்த."

"அது நாலு வருஷம் முன்னாடி. நான் செத்தா என் போட்டோவுக்குக் கீழயும் அதை எழுதி மாட்டு."

அவள் சிரிக்கவில்லை. ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

*

மணிப் பெட்டி 305ஆம் அறை வாசலுக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருந்தது. 305 அம்மாவின் அறை.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டி.வி.யின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா எதையோ கழட்டத்தான் வருவீங்க. என்னத்தைக் கழட்டப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. மேல ஒரு பலகையைத் திறந்து பார்க்கணும். தூசி விழும். கதவைச் சாத்திக்கோ."

"சாத்தினா மூச்சு முட்டுது."

"டி.வி. மேல எதுக்குத் துண்டு?"

"டீச்சர் வரட்டும்."

தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "அவங்க இல்லாம உனக்குச் சண்டை போட ஆள் இல்ல. அதானே?"

மற்ற நாளாக இருந்தால் வாய் நிறையப் பதில் வந்திருக்கும். அம்மாவுக்கு இடது காது மந்தம். டி.வி.யை உரக்க வைப்பாள். அடுத்த அறையில் டீச்சர் கைத்தடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அம்மா உடனே சத்தத்தை ஒரு படி கூட்டுவாள். டீச்சர் திரும்பத் தட்டுவார். இன்னொரு படி. ஒரு வருஷமாக இது நடக்கிறது. சாயங்காலம் இருவரும் ஒரே பேப்பரைக் கிழித்துப் பாதிப் பாதியாகப் படிப்பார்கள். "கணக்கு டீச்சராம். ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியல" என்று டீச்சர் காதில் விழும்படி அம்மா சொல்வாள்.

"ஓட்டக்காரி வந்துட்டுப் போனா" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. நர்ஸுக்கு அம்மா வைத்த பெயர் அது. "நாளையில இருந்து வரமாட்டாளாம். மணி அடிச்சு அந்தப் பொண்ணு நடந்து நான் பார்த்ததில்லடி. ஓடித்தான் பார்த்திருக்கேன். அவளா பொத்தானை அழுத்திட்டுப் போவா?"

"விசாரிப்பாங்கம்மா."

"நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தியாமே?"

"ஒயர் நல்லா இருக்குன்னு குடுத்தேன்."

"நல்லாத்தான் இருக்கா?"

மூத்தவள் ஏணியை விரித்தாள்.

*

பலகையைத் தள்ளினாள். தூசி முகத்தில் கொட்டியது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே நுழைத்தாள்.

மணிப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட ஒயர் நேராக, அந்த மாடி ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெரிய அலமாரிக்குப் போகவேண்டும். போகவில்லை. ஒரு முழம் தள்ளி, சோப்புக்கட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியில் போய்ச் செருகியிருந்தது. ஒரு ஒயரைப் பல ஒயராகப் பிரிக்கும் சாதாரண ஸ்விட்ச். அலமாரியிலிருந்து வந்த ஒயர் அதில். மணி ஒயர் அதில். மூன்றாவதாக ஒன்று அதிலிருந்து இறங்கி அம்மாவின் அறைக்குள் போயிற்று.

கட்டடம் முழுக்க அவர்கள் வைத்தவை வேறு வகை. எந்த டி.வி. எந்தச் சேனலைக் கேட்டதோ அதற்கு மட்டும் கொடுக்கும். இதற்கு அந்தப் புத்தி இல்லை. ஒருவர் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் வாயிலும் ஊற்றும்.

'தம்பி' என்று அவள் கத்தப்போனாள். வாய் திறந்துவிட்டது. டார்ச் கீழே விழுந்தது.

"என்ன ஆச்சு?" தம்பி டார்ச்சை எடுத்து நீட்டினான்.

அவள் மறுபடி பார்த்தாள். பெட்டியை ஒரு கம்பியோடு சேர்த்துச் சிவப்பு டேப்பால் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி சின்னதாக மடித்து ஒட்டியிருந்தது. பின்னால் பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம் என்பதற்காக மடிப்பது. தம்பி ஒருநாளும் மடித்ததில்லை. பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மடிப்பவள் ஒருத்திதான்.

அப்போதுதான் நினைவு வந்தது. முழுசாக வந்தது.

வேலை தொடங்கிய முதல் வாரம். அம்மாவின் அறைக்குப் போகும் பழைய கேபிள் எங்கேயோ நசுங்கிப் படம் நின்றுவிட்டது. டீச்சருக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையா, பெத்த பொண்ணு இந்த வேலை பார்த்து என்ன பிரயோஜனம் என்று அம்மா சடைத்துக்கொண்டாள். புது ஒயர் அந்த மூலைக்கு இன்னும் வரவில்லை. மணி ஒயர் ஒன்றுதான் இருந்தது. அதில் இந்தப் பெட்டியைச் செருகி அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே படம் கொடுத்தாள். ரெண்டு நாள். தனி ஒயர் வந்ததும் எடுத்துவிடலாம். அப்போது ஓடியவை மூன்றே சேனல், சோதனைக்காக, சின்னச் சின்னது. மணிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அம்மாவுக்குச் செய்த சலுகை என்பதால் வரைபடத்தில் குறிக்கவில்லை. குறிக்காததால் மறந்தாள். எண்பத்தாறு அறை. ஐந்து வாரம்.

புதன்கிழமை சாயங்காலம் எச்.டி. சேனல்களைத் திறந்துவிட்டதும் அவள்தான்.

"யாரு வச்சது?" என்றான் தம்பி கீழேயிருந்து.

"நான்."

அவன் நக்கலாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஏணியின் இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

*

மொட்டை மாடியில் டிஷ் நிழலில் நின்று பேசினார்கள்.

"கழட்டிடு" என்றான் தம்பி. "ஒரு நிமிஷ வேலை. இனிமே யாருக்கும் எதுவும் ஆகாது. வரைபடத்துல இல்ல. கணக்குல இல்ல. பையில போட்டா முடிஞ்சது."

"அந்தப் பொண்ணு?"

"வேற வேலை கிடைக்கும்." அவன் அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. ஆன்டெனாவைப் பார்த்துச் சொன்னான்.

"நமக்குக் கிடைக்காதா?"

"நம்ம வேலை போனா போகட்டும். அதுக்காகவா சொல்றேன்? அம்மாகிட்ட யாரு சொல்றது?" அவன் குரல் இறங்கியது. "நீ டி.வி. போட்டதாலதான் டீச்சர் அம்பது நிமிஷம் கிடந்தாங்கன்னு. சொல்லுவியா நீ? சொல்லிட்டு அந்த ரூம்ல, அந்தச் சுவர் பக்கத்துல, அம்மாவைத் தனியா விட்டுட்டு வீட்டுக்கு வருவியா?"

இரண்டு மணிக்கு ஏணியில் ஏறினாள். டேப்பின் மடித்த நுனியைப் பிடித்து இழுத்தாள். அழகாக உரிந்து வந்தது. மணி ஒயரை நேராக அலமாரி ஒயரோடு சேர்த்தாள். கறுப்புப் பெட்டி கருவிப் பையின் அடியில் போய் உட்கார்ந்தது. பலகையை மூடிக் கைரேகையைத் துடைத்தாள்.

அம்மா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மூன்றே கால் மணி. கீழ்த்தளத்தில் ஊழியர்கள் பொருள் வைக்கும் இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில், நர்ஸ் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஜோடி செருப்பு. ஒரு குடை. பாதி தீர்ந்த முகப்பவுடர்.

மூத்தவள் குனிந்து நடந்தாள். கடந்து போய்விட்டால் வாசல்.

"அக்கா."

நின்றாள்.

"அம்மாவுக்குச் சொட்டு மருந்து இடது காதுக்கு மட்டும்தான். சீட்டுல சும்மா காதுன்னு போட்டிருக்கு. புதுசா வர்றவங்க ரெண்டுலயும் விட்டுடுவாங்க. நீங்க ஞாபகமா சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"மாத்திரையை உடைச்சுத்தான் தரணும். முழுசா குடுத்தா நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு, நான் போனதும் துப்பிடுவாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? ஒயர் நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கல்ல?"

"ம்."

"மணியும் நல்லா இருந்துச்சுன்னு அவங்க சொல்லிட்டாங்க. நான் அந்தப் பொத்தானைத் தொடலன்னுதான் நினைக்கிறேன். ஆனா நாலு நாளா எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தெரியாம கை பட்டிருக்குமோ? நீங்க படிச்சவங்க. மிஷின் பொய் சொல்லாதுல்ல?"

மூத்தவளின் தோளில் கருவிப் பை கனத்தது. சோப்புக்கட்டி அளவுதான் அந்தப் பெட்டி.

"அந்தக் குடையைத் திரும்ப உள்ள வை" என்றாள். "வச்சுட்டு என்கூட வா."

*

மேனேஜருக்கு 'நான்' என்ற சொல் வராது. "நிர்வாகம் என்ன நினைக்குதுன்னா" என்றுதான் தொடங்குவார். தம்பி அவருக்கு 'நிர்வாகம்' என்றே பெயர் வைத்திருந்தான்.

"நிர்வாகத்துக்கு இப்ப நேரம் இல்ல மேடம். நாலு மணிக்கு மீட்டிங்."

"பதினஞ்சு நிமிஷம் போதும் சார். மூணாவது மாடி மணி மேசை பக்கத்துல நில்லுங்க. மணி அடிக்குதா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமையே பார்த்தாச்சே. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அதுக்காகத்தான் கூப்பிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்தார்.

கழற்றியது ஒரு நிமிட வேலை. திரும்ப மாட்ட ஐந்து நிமிடம் ஆயிற்று. எல்லாம் எப்படி இருந்ததோ அப்படி. அலமாரி ஒயர், மணி ஒயர், அம்மாவின் ஒயர். டேப்பைச் சுற்றினாள். நுனியை மடித்தாள்.

தம்பி ஏணியைப் பிடித்திருந்தான். "நல்லா யோசிச்சியா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான்.

"அவளுக்கு அவ மேலயே சந்தேகம் வந்துடுச்சுடா."

அவன் தலையாட்டினான். "நான் டீச்சர் ரூம்ல இருக்கேன். கயிறை இழுத்ததும் எப்படிச் சொல்லட்டும்? கத்தினா மாடியே கூடிடும்."

"சுவர்ல தட்டு."

முதலில் டி.வி. இல்லாமல் பார்த்தார்கள். தம்பி கயிறை இழுத்தான். வராந்தாக் கோடியில் மணி அடித்தது. மேனேஜர் கையை உயர்த்திக் காட்டினார். நர்ஸ் மணியை அணைத்தாள். அவள் கால் ஒரு எட்டு முன்னால் போய் நின்றதை மூத்தவள் பார்த்தாள்.

பிறகு அம்மாவின் அறைக்குள் போனாள்.

"அம்மா, டி.வி.யைப் போடு."

"டீச்சர் வரட்டும்னு சொன்னேனே."

"ஒரு சோதனை. ஒரு நிமிஷம்தான்."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து துண்டை எடுத்தாள். நான்காக மடித்துத் தலையணை மேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"எந்த சேனல்?"

"வியாழக்கிழமை மூணு மணிக்கு எதைப் பார்த்த?"

அம்மாவின் கை நின்றது. பிறகு முப்பத்தொன்றை அழுத்தியது.

ஏதோ கேள்வி பதில் போட்டி. கோட்டுப் போட்ட ஒருவர் நான்கு பேரிடம் ஒரு நதியின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். படம் அத்தனை தெளிவு. அவர் நெற்றியில் வியர்வை கூடத் தெரிந்தது. அதற்காகத்தான் அம்மா அந்தச் சேனலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் கண்ணுக்கு மற்ற சேனலில் முகமெல்லாம் மாவு பூசினாற்போல் இருக்கும்.

சுவரில் இரண்டு தட்டு.

அம்மாவின் கட்டைவிரல் நகர்ந்தது. டி.வி. சத்தம் ஒரு படி ஏறியது. திரையின் அடியில் பச்சைக் கோடு ஒரு கட்டம் நீண்டு மறைந்தது. அம்மா சுவரைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பார்க்கவில்லை. விரல் தானாகவே செய்தது.

அதற்குப் பிறகுதான் அம்மா தன் விரலைப் பார்த்தாள்.

வராந்தாவில் சத்தமே இல்லை. மணி அடிக்கவில்லை. சுவரில் மறுபடி இரண்டு தட்டு. மறுபடி. தம்பி கயிறை இழுத்துக்கொண்டே இருந்தான்.

மேனேஜர் நடந்து வந்தார். பின்னால் நர்ஸ்.

"இன்னும் இழுக்கலையா மேடம்?"

"இழுத்துக்கிட்டே இருக்கான் சார். நீங்களே போய்ப் பாருங்க."

அவர் 306க்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

மூத்தவள் ஃபால்ஸ் சீலிங்கைக் காட்டினாள். திறந்த பலகை வழியாகச் சிவப்பு டேப் தெரிந்தது.

"இங்க டி.வி. ஓடினா அங்க மணி அடிக்காது. டி.வி.யை நிறுத்தினா அடிக்கும். காரணம் அந்தப் பெட்டி. அதை வச்சது நான். வெள்ளிக்கிழமை நான் போட்ட கையெழுத்து தப்பு. மத்தியானம் அதைக் கழட்டி மறைக்கவும் பார்த்தேன். அதையும் எழுதிக்கோங்க."

"நிர்வாகம்..." என்று மேனேஜர் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நர்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் அழுத்தல" என்றாள். யாரிடமும் அல்ல.

மூத்தவள் அம்மாவின் அருகில் மண்டியிட்டாள். இதற்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்தாள்.

"அம்மா, உன் தப்பு எதுவும் இல்ல. நீ டி.வி.தானே பார்த்த? எல்லாம் என்னால வந்தது."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணியைப் பத்தி எனக்குத் தெரியாதுடி" என்றாள். "ஆனா தட்டினா."

"யாரு?"

"எப்பவும் ரெண்டு தட்டுதான். நின்னு, மறுபடி ரெண்டு. அன்னிக்கு நிறுத்தவே இல்ல. தட்டிக்கிட்டே இருந்தா. இன்னிக்கு ரொம்பத்தான் கோவம் போலிருக்குன்னு நினைச்சேன்." அம்மா கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "சத்தத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்டத் தட்டல் சின்னதாச்சு. அப்புறம் நின்னுடுச்சு. நான் ஜெயிச்சேன்னு நினைச்சுக்கிட்டு, போட்டி முடியிற வரைக்கும் பார்த்தேன்."

டி.வி.யில் யாரோ சரியான பதில் சொன்னார்கள். கை தட்டினார்கள்.

"நாலு நாளா யாராவது வந்து கேப்பாங்கன்னு பார்த்தேன். மணியையே கேட்டாங்க. ஒயரைக் கேட்டாங்க. ஓட்டக்காரியைக் கேட்டாங்க. என்னை யாரும் கேக்கல."

நர்ஸ் உள்ளே வந்தாள். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். என்ன செய்வது என்று தெரியாமல் தலையணை மேல் இருந்த துண்டை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மேனேஜரின் செல்போன் அடித்தது. வெளியே போகாமல் அங்கேயே எடுத்தார். கேட்டார். "சரி" என்றார். "எப்ப?" என்றார். மறுபடியும் "சரி".

வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து. டீச்சர் கண் திறந்துட்டாங்களாம். பேசறாங்களாம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மகனைக் கேக்கலையாம். உங்களைத்தான் கேட்டாங்களாம். பக்கத்து ரூம்காரியை வரச் சொல்லுன்னு."



"கோவமாவா கேட்டா?" என்றாள் அம்மா.

"அது சொல்லலம்மா."

அம்மா நாற்காலியின் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். மூத்தவள் தாங்கப் போனாள். அம்மா அவள் கையை விலக்கினாள்.

"நான் போறேன்."

"நானும் வரேன்மா. வண்டி கீழதான் நிக்குது."

"கொண்டு போய் விடு. உள்ள நான் மட்டும் போறேன். என்கிட்டதான் அவளுக்குப் பேச்சு."

ரிமோட்டை டி.வி.க்கு நேராக நீட்டினாள். சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். கோட்டுப் போட்டவர் பாதி வார்த்தையில் மறைந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு இது எதுவும் தெரியாது. அவன் இன்னும் கயிறை இழுத்துக்கொண்டிருந்தான்.

வராந்தாக் கோடியில் மணி அடிக்கத் தொடங்கியது.

துண்டு நர்ஸின் கையிலிருந்து நழுவியது. 306இல் டீச்சர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அடையாள அட்டையைக் காலையிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்பதும் தெரியும்.

அவள் ஓடினாள்.